கழுத்துக்கு அடியில் ஒரு விரல்: மாட்டுங்கா யோகா வகுப்பில் பதினொரு மாதங்கள்

மும்பை மாட்டுங்கா கிழக்கில், ரயில் நிலையத்திலிருந்து பூக்கடைகளைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் வரும் பழைய குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில் நடைபெறும் யோகா வகுப்பில் பதினொரு மாதங்களாகப் பயின்று வருகிறேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கழுத்தெலும்புத் தேய்மானமும் உண்டு. என்னைப் போல் உடம்பில் ஏதேனும் ஒரு தொந்தரவை வைத்துக்கொண்டு யோகா கற்க நினைப்பவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இதற்கு முன் நகரின் வேறொரு பகுதியில் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரோடும் சேர்த்து என்னையும், தோள்களை ஊன்றி உடம்பையும் கால்களையும் நேராக மேலே தூக்கும் சர்வாங்காசனம் செய்யச் சொன்னார்கள். கழுத்தைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மூன்று வாரங்கள் கழுத்துப் பட்டையோடு அலுவலகம் போய் வந்தேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒரு யோகா வகுப்பை அங்கே என்னென்ன ஆசனம் சொல்லித் தருகிறார்கள் என்பதை வைத்து நான் அளப்பதில்லை. சொல்லித் தருவதற்கு முன் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன்.

மாட்டுங்கா வகுப்பில் சேரும்போது இரண்டு பக்கப் படிவம் ஒன்றைத் தருகிறார்கள், தமிழிலும் கிடைக்கிறது. இரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் அழுத்த நோய், முதுகுத் தட்டு விலகல், கர்ப்பம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, சாப்பிடும் மருந்துகள் என ஒவ்வொன்றையும் கேட்கிறது அந்தப் படிவம். அதை வாங்கி மேசையில் போட்டுவிடாமல், டீச்சர் எதிரே உட்காரவைத்து இருபது நிமிடம் பேசினார். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைச் செய்தால் கண்ணுக்குள் அழுத்தம் வெகுவாக உயரும் என்பதையும், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி ஏன் கூடாது என்பதையும் எனக்கு முதலில் விளக்கிச் சொன்னவர் அவர்தான். மருத்துவரின் கடிதம் வந்த பிறகே என்னை வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

சர்வாங்காசனத்தை இங்கே எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கெட்டியான பருத்திக் கம்பளங்கள் நான்கை, ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்படி மடித்து அடுக்குகிறார்கள். தோள்கள் அந்த அடுக்கின் மேல் இருக்கும். தலை மட்டும் கீழே தரையில் இருக்கும். இந்த உயர வித்தியாசத்தால் கழுத்து நசுங்காமல் தன் இயல்பான வளைவோடு நிற்கிறது. டீச்சர் ஒவ்வொருவரிடமும் குனிந்து, கழுத்துக்கும் தரைக்கும் இடையே தம் விரலை நுழைத்துப் பார்க்கிறார். விரல் நுழையாவிட்டால் உடனே இறக்கிவிடுகிறார். எனக்கு அந்த ஆசனமே கிடையாது. அதே நேரத்தில் நான் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு எட்டு நிமிடம் இருப்பேன். என் பக்கத்தில் பயிலும் எழுபது வயதுப் பெரியவரிடம் ஒருநாள், “மாமா, மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்கோ, முகம் சிவக்கறது பாருங்கோ” என்று டீச்சர் மெல்லச் சொன்னது, அறையின் மறுகோடியில் இன்னொருவருடைய முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது.

கம்பளம், பட்டை, மரக்கட்டை ஆகியவற்றின் துணையோடு கற்பிக்கும் இந்த முறை பி.கே.எஸ். ஐயங்காரிடமிருந்து வந்தது. மைசூரில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்ற அவர் 1937-இல் புணேவுக்குச் சென்றார். பின்னர் வார இறுதிகளில் பம்பாய்க்கு வந்தும் வகுப்பு எடுத்தார். எங்கள் டீச்சர், 1975-இல் தொடங்கப்பட்ட அவருடைய புணே நிறுவனத்தில் பல ஆண்டுகள் பயின்றவர். சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சாரின் வழியில், மூச்சோடு அசைவை இணைத்துப் பழகியவர்களுக்கு, ஓர் ஆசனத்தில் நெடுநேரம் நிற்கும் இந்த முறை தொடக்கத்தில் அலுப்பூட்டக்கூடும். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது.

ஆசிரியராக விரும்புபவர்களையும் இங்கே பயிற்றுவிக்கிறார்கள். ஒரே மாதத்தில் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கி, மறுவாரமே வகுப்பு நடத்தத் தொடங்குபவர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், இங்கே பயிற்சிக்கு வருபவர் முதல் ஆறு மாதம் மாணவர்களைப் பார்த்துக் குறிப்பு எழுத மட்டுமே அனுமதிக்கப்படுகிறார். அதன் பிறகு கம்பளம் மடித்துக் கொடுக்கலாம். பிறர் உடம்பைத் தொட்டுத் திருத்துவது இரண்டாம் ஆண்டில்தான். இந்தக் கண்டிப்பை நான் மனமார மதிக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. மாலை ஏழு மணி வகுப்பில் பதினைந்து பேருக்கான இடத்தில் இருபத்து நான்கு பேர் வரை சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் டீச்சரின் கண் எல்லோர் மேலும் விழுவதில்லை. மேலே சொன்ன கண்டிப்பையும் மீறி, ஒருநாள் முதலாண்டுப் பயிற்சியாளர் ஒருவர் என் தோளைப் பின்னுக்கு இழுத்துத் திருத்த முயன்றார். நான் முறையிட்டதும் டீச்சர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் கூட்டம் குறையவில்லை.

இதைவிடப் பெரிய குறை, வாசலருகே உள்ள மேசை. அதில் கஷாயப் பொடிகள் விற்பனைக்கு இருக்கின்றன. சர்க்கரை நோயையும் தைராய்டையும் குணப்படுத்தும் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மருந்தை நிறுத்தாதீர்கள் என்று வகுப்புக்குள்ளே சொல்லும் இடத்தின் வாசலில் அப்படி ஒரு தாள் இருக்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒருவர் அதை நம்பி ஊசியை விட்டால் உயிருக்கே ஆபத்து. நான் எழுதிக் கொடுத்த பிறகு தாளை எடுத்துவிட்டார்கள். பொடிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

வாரம் மூன்று நாள் வகுப்புக்கு மாதக் கட்டணம் 2,400 ரூபாய். விட்டுப்போன வகுப்பை அடுத்த மாதத்தில் ஈடுசெய்ய முடியாது. மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்தானவை என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் சேர்வதற்கு முன் ஒருமுறை ஏறிப் பார்த்துக்கொள்வது நல்லது. காலை ஆறரை மணி வகுப்பில் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேல் இருப்பதில்லை. நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன். அடுத்த மூன்று மாதக் கட்டணத்தையும் கட்டிவிட்டேன். வகுப்பில் உள்ள கம்பளங்கள் சில துவைத்துத் துவைத்து மெலிந்துபோயிருப்பதால், சேருபவர்கள் சோலாப்பூர்க் கம்பளம் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.