வாசகரிடம் எதைக் கேட்பது: சந்தாவா, நன்கொடையா, அவருக்குத் தெரிந்ததையா?

இணையத்தில் வாசகரைத் தக்கவைக்க நியூயார்க் டைம்ஸ், பிரிட்டனின் கார்டியன், நெதர்லாந்தின் இணைய இதழான டி கரஸ்பாண்டென்ட் மூன்றும் மூன்று வழியில் போயிருக்கின்றன. வருமானத்தை மட்டும் பார்த்தால் டைம்ஸை யாரும் நெருங்க முடியாது. வாசகருக்கு எந்த இடம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் என் ஓட்டு வேறு பக்கம்.

டைம்ஸ் 2011 மார்ச்சில் மாதம் 20 கட்டுரை இலவசம், அதற்கு மேல் சந்தா என்று கதவடைத்தது. இன்று சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். அதைச் செய்தி மட்டும் சாதிக்கவில்லை. சமையல் குறிப்பு, குறுக்கெழுத்து, 2022இல் விலைக்கு வாங்கிய வேர்டில் என்ற சொல் விளையாட்டு என்று தினமும் வந்து போகும் பழக்கத்தை உண்டாக்கினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு இது கட்டுப்படியாகாது.

கார்டியன் இணையதளத்தில் கட்டுரைகளைப் பூட்டவில்லை; படித்தவர்களிடம் விரும்பினால் கொடுங்கள் என்று கேட்கிறது. அதைவிட என்னைக் கவர்ந்தது அவர்கள் 2009இல் செய்த வேலை. பிரிட்டிஷ் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு நான்கரை லட்சம் பக்கங்களுக்கு மேல் வெளியானபோது, அதை அப்படியே வாசகர்முன் வைத்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொத்தான்கள்: இதில் ஒன்றுமில்லை, கவனிக்கத்தக்கது, ஏற்கெனவே தெரிந்தது, இதைத் துருவுங்கள். எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்ட ஒரு பட்டை. முதல் 80 மணி நேரத்தில் சுமார் 1,70,000 பக்கங்களை ஆயிரக்கணக்கான வாசகர்கள் பார்த்து முடித்தார்கள். அந்த வேகம் நீடிக்கவில்லை என்பதும் உண்மை. மொத்த மலையையும் காட்டி 'தோண்டுங்கள்' என்றால் சலிப்பு வரத்தான் செய்யும். அடுத்த முறை ஆவணங்கள் வந்தபோது வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

டி கரஸ்பாண்டென்ட் 2013இல் வாசகர் பணத்தில், விளம்பரம் இல்லாமல் தொடங்கியது. அங்கே நிருபர் எழுதி முடித்தபின் கருத்துக் கேட்பதில்லை. எழுதும் முன்பே, 'இதில் உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்கிறார். காலநிலை நிருபர் ஷெல் எண்ணெய் நிறுவன ஊழியர்களுக்கு 'வாருங்கள், பேசுவோம்' என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். ஊழியர்கள் பேச முன்வந்தார்கள். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக 2017இல் வெளிவந்தது, ஷெல் 1991இலேயே தயாரித்த 28 நிமிடப் படம். வெள்ளம், பஞ்சம், காலநிலை அகதிகள் எல்லாவற்றையும் அதில் எச்சரித்திருந்தார்கள். இந்தச் செய்தியை டி கரஸ்பாண்டென்டோடு சேர்ந்து வெளியிட்டது கார்டியன். சந்தா கட்டுபவர் என்று மட்டும் வாசகரைப் பார்க்கும் அலுவலகத்துக்கு இப்படியொரு செய்தி கிடைப்பது கஷ்டம்.

இந்த முறை எங்கே கொண்டுபோய் நட்டாலும் வளரும் என்று சொல்லமாட்டேன். வாசகரிடம் 25 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய டி கரஸ்பாண்டென்டின் ஆங்கிலப் பதிப்பு 2021 ஜனவரி 1இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் செய்தி அறை வரும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் அது வராதபோது கொதித்தார்கள்.

சிறிய பத்திரிகை நடத்துபவர் என்னிடம் கேட்டால், டைம்ஸின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்குப் பதில் ஷெல் கடிதத்தைப் படியுங்கள் என்பேன். 'உங்கள் கருத்து என்ன?' என்று பொதுவாகக் கேட்டால் வசவும் வாழ்த்தும்தான் வரும். ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதப் போகிறீர்களா? அங்கே வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வரும் பதில்களைப் படித்துத் திரும்ப அழைக்க ஒரு ஆளை முழுநேரமாகப் போட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.