மண்டபம் விசைப்படகில் இரண்டு சீரியல் கேபிள்கள்

மண்டபத்து விசைப்படகு ஒன்றில் இருக்கும் லினக்ஸ் மடிக்கணினிக்காக, எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சில்லு பொருத்திய, கருவிகளின் தகவலைக் கணினிக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி சீரியல் கேபிள்கள் இரண்டை வாங்கினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவற்றைப் பொருத்தி, படகு கடலில் இறங்கிய நாள் முதல் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று ஜிபிஎஸ் கருவிக்கு, மற்றது ஆழம் பார்க்கும் எக்கோவுக்கு. முன்பிருந்த மலிவுக் கேபிள்களைவிட விலை ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் பணம் முழுவதும் ஒரு வரிசை எண்ணுக்காகத்தான் கொடுத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பழைய கேபிள்களும் தகவலைப் பிழையின்றியே கடத்தின. சிக்கல் பெயரில் இருந்தது. செருகியிருக்கும் கேபிள்களை லினக்ஸ் தான் கண்டுகொள்ளும் வரிசையில் டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்று அழைக்கிறது. அடுத்த முறை கணினியைப் போடும்போது அதே வரிசை அமையும் என்பதற்கு உறுதி இல்லை. ஓபன்சிபிஎன் வரைபட நிரலுக்கு முதல் பெயரையும், ஆழத்தைக் குறித்துவைக்க நான் எழுதிய சிறு நிரலுக்கு இரண்டாவதையும் காட்டியிருந்தேன். இரண்டு கருவிகளும் நொடிக்கு 4800 பிட் வேகத்தில் கடல் கருவிகளுக்கான என்எம்இஏ 0183 முறையில் பேசுபவை என்பதால், ஒருநாள் கடலில் கணினியை அணைத்துப் போட்டபோது பெயர்கள் இடம் மாறியும் எந்தப் பிழைச் செய்தியும் எழவில்லை. “தம்பி, ஆழம் மாறிக்கிட்டே இருக்கு, மேப்புல போட்டு மட்டும் நின்ன இடத்துலயே நிக்குதே” என்று டிரைவர் கரைக்கு வந்து கேட்ட பிறகுதான், எக்கோவின் தகவல் வரைபட நிரலுக்கும் ஜிபிஎஸ் தகவல் என் சிறு நிரலுக்கும் போயிருப்பது எனக்கு விளங்கியது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய இலங்கைக் கடல் எல்லைக்கு அருகில் தொழில் செய்கிற படகில், பழைய இடத்தையே காட்டும் வரைபடத்துக்கு வரைபடமே இல்லாதிருப்பது மேல்.

பழைய கேபிள்களில் இருந்தது சிஎச்340 சில்லு. இரண்டிலும் தயாரிப்பாளர் எண் 1ஏ86, பொருள் எண் 7523; வரிசை எண் கிடையாது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய, அது செருகப்பட்ட துளையைத் தவிர வேறு வழியில்லை. மீன் அள்ளிய கையோடு யாரோ பிடுங்கி, அகப்பட்ட துளையில் திரும்பச் செருகும் இடத்தில் அந்த வழி செல்லாது. புதிய கேபிள்களிலும் 0403, 6001 என்ற எண்கள் பொதுவானவைதாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எட்டு எழுத்தில் தனி வரிசை எண் உண்டு. அதைக் கொண்டு, செருகும் கருவிகளுக்கு லினக்ஸில் பெயர் வைக்கும் யூடெவ் விதிக்கோப்பில் கேபிளுக்கு ஒரு வரி எழுதி, ஜிபிஎஸ், எக்கோ என்று நிலையான பெயர்களைச் சூட்டினேன். அதன்பின் எந்தத் துளையில் செருகினாலும் பெயர் மாறவில்லை.

கருவியைத் திறக்கப் பயனருக்கு அனுமதி இல்லை என்று லினக்ஸ் மறுக்கும் சிக்கலை எந்தக் கேபிளும் தீர்க்காது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டிலும் இக்கருவிகள் டயல்அவுட் குழுவுக்கு உரியவை. பயனரை அக்குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் போதும். எல்லோருக்கும் அனுமதி தரும் சிஎச்மாட் 666 கட்டளையைப் போட்டுத் தப்பிப்பவர்கள், கேபிளைப் பிடுங்கிச் செருகியதும் பழைய நிலைக்கே வந்து நிற்பார்கள். சிஎச்340 கேபிளையே வைத்துக்கொள்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உபுண்டு 22.04-இல் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல் அந்தச் சில்லைத் தனக்குரியதென்று பற்றிக்கொள்ளும். பிரெயில் தேவையில்லாத கணினியில் அதை நீக்கிவிடலாம்.

குறைகளும் உண்டு. உப்புக்காற்றில் இணைப்பின் உலோக விளிம்பு அதற்குள் துருப்பிடித்துவிட்டது. வரிசை எண்ணைக் கேபிளின் மேல் எங்கும் அச்சிடவில்லை. கணினியில் செருகிப் பார்த்தால்தான் தெரியும். ஜிபிஎஸ் கேபிளுக்குச் சிவப்பு டேப்பும் எக்கோ கேபிளுக்கு நீல டேப்பும் நானே சுற்றினேன். இந்தச் சில்லுக்குப் போலிகளும் சந்தையில் உள்ளன, விற்பவரைப் பார்த்து வாங்க வேண்டும். படகில் ஒரே ஒரு சீரியல் கருவிதான் என்றால் இந்தச் செலவு வேண்டியதில்லை. மலிவுக் கேபிளும் அதன் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் வைத்து எழுதிய ஒரு வரி விதியுமே போதும்.