சிஎம்பியா, டிஃப்பா?

யூனிக்ஸ் இயங்குதளத்தில் இரண்டு ஃபிளாப்பி வட்டுகளும் ஒன்றுதானா என்று பார்க்க இரண்டு வழி உண்டு: சிஎம்பி (cmp), டிஃப் (diff) என்ற கட்டளைகள். சிஎம்பி, வட்டை வெறும் பைட்டுகளாகவே படிக்கும், 1.44 எம்பி ஃபிளாப்பி என்றால் 14,74,560 பைட். மவுண்ட் செய்யவே (அதாவது, வட்டிலுள்ள கோப்புகள் தெரியும்படி இணைக்கவே) வேண்டாம். டிரைவ் ஒன்றுதான் இருக்கிறதா? முதல் வட்டை டிடி (dd) என்ற நகலெடுக்கும் கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்துவைத்து, அப்புறம் இரண்டாவதைப் போட்டு ஒப்பிடலாம். சிஎம்பி முதல் வித்தியாசத்திலேயே பைட் எண்ணைச் சொல்லி நின்றுவிடும். கணினியைத் துவக்கும் பூட் ஃபிளாப்பியின் நகலுக்கு இதுதான் சரி. ஆனால் ரொம்பக் கறார்: அழித்த கோப்பின் மிச்சம் கிடந்தாலும், கோப்புகளை எழுதிய வரிசை மாறினாலும் ‘வேறு’ என்றுதான் சொல்லும்.

கடிதம், நிரல் மட்டும் இருக்கும் வட்டுக்கு இந்தக் கறார் எதற்கு? மவுண்ட் செய்து டிஃப் -ஆர் (diff -r) கொடுத்தால், எந்தக் கோப்பு மாறியது, எது ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும். வட்டின் தொடக்கத்தில் இருக்கும் பூட் செக்டாரை மட்டும் கண்டுகொள்ளாது.