பிள்ளையின் விரலுக்குத் திறக்கிற டிபன் பாக்ஸ்: சேலம் கடைவீதியில் பார்த்து வாங்க

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் சேலம் கடைவீதிப் பாத்திரக் கடைகளில் பிள்ளைகளுக்கான டிபன் பாக்ஸ் மூன்று வகையாக அடுக்கியிருக்கும். அமுக்கு மூடி போட்ட சாதா எவர்சில்வர் சம்படம் ஒன்று. பக்கங்களில் இரண்டோ நாலோ கிளிப், உள்ளே சிலிக்கான் வளையம் என்று வருவது இன்னொன்று. மூன்றாவது, சூடு தாங்கும் இரட்டைச் சுவர் பாக்ஸ். எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு இரண்டாவது வகையிலேயே இரண்டு கிளிப் மட்டும் உள்ள, 400 மில்லி பிடிக்கும் பாக்ஸ்தான் சரி. நாலு கிளிப் பாக்ஸ் பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாடு திரும்பி வருவதற்குப் பாதி நாள் அதுவே காரணமாகிவிடுகிறது.

ஆவி பறக்கும் சோற்றை வைத்து உடனே கிளிப் போட்டால், உள்ளே அடைபட்ட ஆவி மத்தியானத்துக்குள் குளிர்ந்து தண்ணீராகிவிடும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிளிப்பை எடுத்த பிறகும் மூடி வராது. நாலு வயதுக் குழந்தை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும், வரவில்லையென்றால் பையில் வைத்துவிடும். வீட்டில் வந்து "பசிக்கல" என்று மட்டும்தான் சொல்லும். சோற்றைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டு அடைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இருக்காது. மூடி நடுவில் சின்ன சிலிக்கான் குமிழ் உள்ள பாக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. குமிழைத் தூக்கினால் காற்று உள்ளே போய் மூடி தானாக இளகும்.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பெரியவர் யாராவது பாக்ஸில் முக்கால் பாகம் வெந்நீர் ஊற்றி மூடி, முற்றிலும் ஆறும்வரை ஓரமாக வைக்கட்டும். பிறகு பிள்ளையிடம் கொடுத்து, உதவி செய்யாமல் பாருங்கள். மூன்று நாள் பழகியும் திறக்க வரவில்லையென்றால் அந்தப் பாக்ஸ் அண்ணனுக்கோ அக்காவுக்கோ போகட்டும். ஒழுகுகிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் ஐந்து நிமிடம் கவிழ்த்து வைத்தால் தெரிந்துவிடும்.

கடையிலேயே பார்க்க வேண்டியது விளிம்பு. கொஞ்சம் பஞ்சை எடுத்து வாய் விளிம்பிலும் மூடி ஓரத்திலும் ஒரு சுற்று ஓட்டுங்கள். எங்காவது நூல் நூலாகச் சிக்கினால் அந்த இடத்தில் பிசிறு இருக்கிறது, விரலையோ உதட்டையோ கீறும். விளிம்பு சுருட்டியதாக இருந்தால், சுருட்டல் முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். இடுக்கு இருந்தால் அதற்குள் தண்ணீர் நின்று நாறும். தடுப்பு வைத்த பாக்ஸானால், தகட்டையே அழுத்திக் குழி எடுத்ததை வாங்குங்கள். தனித்தகட்டைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்ததில் பொரியல் எண்ணெய் அடியில் கசிந்து தயிர்ச்சோற்றில் கலக்கும். அந்த இடுக்கைத் தேய்க்கவும் முடியாது.

தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் 1981-இலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறார்கள். அதனாலேயே சேலத்தில் விற்கும் பாத்திரமெல்லாம் சேலம் ஸ்டீல் என்று நம்பிவிடக் கூடாது. ஆலையிலிருந்து முக்கியமாக வருவது தகடும் சுருளும்தான், பாத்திரம் செய்பவர் எந்தத் தகட்டையும் வாங்கலாம். 304 என்ற ரகத் தகட்டில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202, ஜே4 எனப்படும் ரகங்களில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். புளிச்சோறோ ஊறுகாயோ வைத்தால் இவற்றில் சீக்கிரம் துருவின் செம்புள்ளி விழும், முதலில் கிளிப் பக்கமும் வெல்டிங் வைத்த இடமும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் பொதுவாக ஒட்டாது, நல்ல 304-இலும் அழுத்தி வளைத்த மூலையில் லேசாக இழுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 14756 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், தகட்டின் ரகத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அளவில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு 200 மில்லி டம்ளர் ஒன்று நிறையச் சோறு, இரண்டு கரண்டி காய் போதும். பெரிய பாக்ஸை வாங்கிவிட்டு, நிரப்பாமல் அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. பை எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப்பை கொள்கை சொல்கிறது. 18 கிலோ பிள்ளைக்கு 1.8 கிலோதான் கணக்கு. அரை லிட்டர் தண்ணீரே அரைக் கிலோ. இடைவேளைக்குத் தட்டுவடை கொடுத்தால் சட்னியைத் தனிச் சின்னச் சம்படத்தில் வையுங்கள், வடைகளுக்கு நடுவே சட்னி வைத்துச் செட்டாக அடுக்கி மூடினால் பத்து மணிக்கெல்லாம் நமத்துவிடும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். ஐந்து வயதுக்குள் முழு வேர்க்கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

இரட்டைச் சுவர் பாக்ஸ் ஏற்காட்டுக்காரர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி, தை மாதங்களில் பொங்கலில் விட்ட நெய் மத்தியானத்துக்குள் உறைந்து வாயில் ஒட்டும். கொதிநீரை ஐந்து நிமிடம் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, சுடச்சுட நிரப்ப வேண்டும். வெதுவெதுப்பாக வைத்தால் கிருமி வளர அதுவே தோதான சூடு. இந்தப் பாக்ஸ் வாங்கும்போதும் ஆவி போக வழியுள்ள மூடியாகப் பாருங்கள். இதில் தயிர்ச்சோறு மட்டும் வைக்காதீர்கள். உள்ளே சூடு நிற்பதால் சோற்றில் கலந்த பால் வேகமாகப் புளித்துவிடும். தயிர்ச்சோறுக்குச் சாதா எவர்சில்வரே சரி: குழைந்த சோறு ஒரு டம்ளர், காய்ச்சி நன்றாக ஆறிய பால் முக்கால் டம்ளர், தயிர் ஒரே ஒரு மேசைக்கரண்டி. சேலத்துச் சித்திரை வெயிலென்றால் தயிர் ஒரு டீஸ்பூன் போதும்.

சிலிக்கான் வளையத்தை வாரம் ஒரு முறையாவது கழற்றுங்கள். ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும், ஊசியோ கத்தியோ வைத்தால் கிழியும். பள்ளத்தில் கறுப்பாகப் படிந்திருப்பது பூஞ்சை. சோடா மாவு கரைத்த வெந்நீரில் அரைமணி ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்த பிறகே மாட்டுங்கள். மஞ்சள் கறை போகாவிட்டால் பரவாயில்லை. தொட்டால் பிசுபிசுத்தாலோ தளர்ந்துவிட்டாலோ வேறு வளையம் போட வேண்டும். அது தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுங்கள், கிடைக்காதென்றால் வேறு பாக்ஸைப் பாருங்கள்.