கேன்ட் அட்டவணையை ஓரம் வைத்துவிட்டுத் தட அட்டவணையால் திட்டம் நடத்திய அனுபவம்

மருத்துவக் கருவிகள் உருவாக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். அலுவலக நாட்களில் என் கணினியில் எப்போதும் திறந்தே கிடக்கும் ஆவணம் ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ். எங்களுக்குள் தட அட்டவணை என்போம். பயனரின் ஒவ்வொரு தேவையும் எந்த வடிவமைப்பு உள்ளீடாக (அளந்து சோதிக்கக்கூடிய தொழில்நுட்ப நிபந்தனையாக) மாறியது, அதை எந்த வரைபடமோ மென்பொருள் தொகுதியோ நிறைவேற்றுகிறது, எந்த ஆபத்தை அது தடுக்கிறது, எந்தச் சோதனை அறிக்கை அதை நிரூபிக்கிறது என்பதையெல்லாம் ஒரே வரிசையில் கோத்து வைக்கும் தாள் அது. பல இடங்களில் இதைத் தணிக்கைக்கு முந்தைய வாரத்தில் உட்கார்ந்து நிரப்புவார்கள். நாங்கள் ஒரு சிரிஞ்சு பம்ப் (சிரிஞ்சிலிருந்து மருந்தைச் சிறிது சிறிதாக நோயாளிக்குச் செலுத்தும் கருவி) திட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இதைத் திட்டத்தின் முதுகெலும்பாக வைத்துக்கொண்டோம். சில ஆண்டுகள் அப்படி ஓட்டிப் பார்த்ததில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று எழுதுகிறேன்.

முதலில், பணிகளை நாள்காட்டியின் மேல் பட்டைகளாக வரையும் கேன்ட் அட்டவணை ஏன் போதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பணிகளையும் தேதிகளையும் அது அழகாகக் காட்டும். ‘மென்பொருள் 80 சதவீதம் முடிந்தது’ என்று பட்டை நீளும். ஆனால் மருத்துவக் கருவியில் ஒரு பணி முடிவதற்கும், அது சரியாக முடிந்தது என்பதற்குச் சான்று இருப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் உண்டு. காலதாமதம் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடக்கிறது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ 1983 முதல் 1989 வரை நிறுவனங்கள் தாமாகத் திரும்பப் பெற்ற கருவிகளை ஆராய்ந்தபோது, அதற்குக் காரணமான தரக் குறைகளில் ஏறத்தாழ 44 சதவீதம் வடிவமைப்பிலேயே இருந்தவை என்று கண்டது. தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாகத் தயாரித்தாலும் அவை போயிருக்காது. 1997 ஜூனில் நடைமுறைக்கு வந்த வடிவமைப்புக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு இந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கியக் காரணம். தேவையில் தொடங்கிச் சான்று வரை நூல் பிடித்துப் போகும் பழக்கம் அங்கிருந்துதான் நம் துறையில் ஊன்றியது.

மருந்தையும் திரவங்களையும் உடலுக்குள் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்ப்பின் (சிரிஞ்சு பம்ப்பும் அதில் ஒரு வகை) வரலாறு இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. 2005 முதல் 2009 வரை இந்தப் பம்ப்புகள் தொடர்பாக எஃப்டிஏவுக்கு வந்த பாதிப்பு அறிக்கைகள் சுமார் 56,000. அதே காலத்தில் 87 முறை பம்ப்புகள் திரும்பப் பெறப்பட்டன. 2010இல் அந்த அமைப்பு பம்ப்புகளுக்கென்றே தனி முயற்சி ஒன்றைத் தொடங்கியது. அது சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று விசைத்துள்ளல். செவிலியர் ஒருமுறைதான் அழுத்துவார், கருவி இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். 10 என்று நினைத்தது 100 ஆகிவிடும். இந்தச் செய்தியைப் படித்த அன்றே எங்கள் அட்டவணையில் விசைப்பலகைக்கு ஒரு வரிசை சேர்ந்தது. அது எந்தப் பொறியாளரின் பணிப் பட்டியலிலும் அதுவரை இருந்ததில்லை.

ஒரு வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் பயன் விளங்கும். ‘குழாய் அடைபட்டால் செவிலியருக்குத் தெரிய வேண்டும்.’ பயனர் தேவை இவ்வளவுதான். சிரிஞ்சின் தண்டைத் தள்ளும் பகுதிக்குப் பின்னால் ஒரு விசை உணரி இருக்கிறது. அது அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, தண்டின் மேல் விழும் விசையைத்தான் அளக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் சிரிஞ்சின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். ஆகவே 5 மில்லி சிரிஞ்சுக்கு ஒரு கணக்கு, 50 மில்லிக்கு வேறு கணக்கு. அதோடு ரப்பர் முனை உள்சுவரில் உரசும் உராய்வும் சேர்ந்துகொள்கிறது. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மணிக்கு 1 மில்லி போன்ற மெதுவான ஓட்டத்தில், பெரிய சிரிஞ்சில், அடைப்பு ஏற்பட்டு அலாரம் ஒலிக்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பச்சிளம் குழந்தைக்கு இரத்த அழுத்த மருந்து ஏறிக்கொண்டிருந்தால் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய நேரமல்ல. அடைப்பு நீங்கிய பிறகும் ஒரு சங்கடம் இருக்கிறது. குழாயில் தேங்கிய அழுத்தம் ஒரே மூச்சில் மருந்தை உள்ளே தள்ளிவிடும். மோட்டார் சற்றே பின்வாங்கி அழுத்தத்தைத் தணித்த பிறகுதான் தொடர வேண்டும். ஒற்றை வாக்கியமாக இருந்த தேவை இப்படி ஏழெட்டு உள்ளீடுகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்ஓ 14971 என்ற ஆபத்து மேலாண்மைத் தரநிலையின் முறைப்படி ஓர் ஆபத்து, ஒரு கட்டுப்பாடு, ஒரு சோதனை என்று நின்றன.

சான்று சேர்ந்த கட்டம் பச்சை, சேராதது சிவப்பு. இந்த வரிசையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாகிவிட்ட ஒரு வாரம். எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் ஏதாவது ஒரு வரிசையை எடுத்து, அதில் உள்ள ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து உரக்கப் படிப்பது வழக்கம். சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அறிக்கையைத் திறந்துவிட்டு, “மேடம், இதில் 50 மில்லி சிரிஞ்சு மட்டும்தானே இருக்கிறது? உள்ளீட்டில் எல்லா அளவுக்கும் என்று எழுதியிருக்கிறோமே” என்றார். அறிக்கை எண் சரி, கையெழுத்துகள் சரி, தேதி சரி. ஆனால் உள்ளீடு கேட்டதை அந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. வரிசை மறுபடி சிவப்பானது, சோதனை மேசை இன்னும் சில நாட்கள் பிடித்துக்கொள்ளப்பட்டது. கேன்ட் அட்டவணையில் அந்தப் பணி நிறைவு என்றே பதிவாகிக் கிடந்தது. அந்தப் பெண் அன்று எழுப்பிய கேள்வி, தணிக்கையாளர் வாயிலிருந்து வந்திருந்தால் உரிம விண்ணப்பமே தள்ளிப்போயிருக்கும். மருத்துவமனையிலிருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை. கட்டத்தை நிரப்புவதற்கும் கட்டத்துக்குள் இருப்பதைப் படிப்பதற்கும் உள்ள தூரத்தை எங்கள் குழு அன்று கண்ணால் பார்த்தது. அதன் பிறகு அந்த வாசிப்பை எந்த வாரமும் யாரும் தள்ளிப்போடக் கேட்டதில்லை.

மாற்றம் வரும்போதுதான் இந்த அட்டவணை தன் முழு மதிப்பையும் காட்டும். 2021இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்ததே, அப்போது நாங்கள் தேர்ந்திருந்த விசை உணரியின் சமிக்ஞையைப் பெரிதாக்கும் பெருக்கிச் சிப் கிடைக்காமல் போனது. மாற்றுச் சிப் கைக்கு வந்துவிட்டது, விலையும் ஒத்துவந்தது. நிர்வாகம் கேட்ட கேள்வி ஒன்றே: எத்தனை நாள் தள்ளிப்போகும்? வழக்கமாக இதற்கு அனுபவசாலி ஒருவர் மோவாயைத் தடவிக்கொண்டு ஒரு மாதம் என்பார், அது மூன்று மாதமாகும். நாங்கள் அந்தச் சிப்பின் வரைபட எண்ணை அட்டவணையில் தேடி, அது தொடும் வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்தோம். அடைப்பு அலாரம், சிரிஞ்சு சரியாகப் பொருந்தியதா என்று கண்டறியும் பகுதி, மின்காந்த இணக்கச் சோதனை, அளவுத்திருத்த முறை, சேவைக் கையேட்டின் ஓர் அத்தியாயம் என்று பட்டியல் வந்தது. அலாரத் திரை, மின்கலம், விசைப்பலகை எதற்கும் மறுசோதனை வேண்டாம் என்பதும் அதே பட்டியலில் தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன தேதி ஏறக்குறைய அப்படியே நின்றது. எதையெல்லாம் மறுபடி செய்யத் தேவையில்லை என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்ததைத்தான் நான் இதில் பெரிய லாபமாகக் கருதுகிறேன்.

மின்காந்த இடையூறுகளைக் கருவி தாங்குகிறதா என்று பார்க்கும் மின்காந்தச் சோதனையைப் பற்றி ஒரு சொல். ஐஇசி 60601-1-2 தரநிலை நிலைமின் வெளியேற்றத்துக்குத் தொடுகையில் 8 கிலோவோல்ட், காற்று வழியாக 15 கிலோவோல்ட் வரை தாங்கச் சொல்கிறது. எங்கள் பம்ப், திரையின் ஓரத்தில் நிலைமின்னைப் பாய்ச்சும் சோதனைத் துப்பாக்கியை வைத்ததும் அணைந்து மறுபடி எழுந்தது. உறையின் உட்புறம் கடத்தும் பூச்சு பூசிச் சரிசெய்தோம். பூச்சு என்றதும் வெப்பம், எடை, துடைத்துச் சுத்தம் செய்யும் திரவங்கள் என்று வேறு மூன்று வரிசைகள் திறந்துகொண்டன. ஆய்வகத்தில் மறுபடி இடம் கிடைக்கும்வரை அந்த வேலைகளை முடித்துக்கொள்ள முடிந்தது.

இனி குறைகள். காலத்தைப் பற்றித் தட அட்டவணைக்கு எதுவும் தெரியாது. அச்சு வார்ப்பு வந்துசேர எடுக்கும் வாரங்கள், ஆய்வகத்தில் இடம் கிடைக்கும் நாள், உரிம அலுவலகத்தின் கேள்விக்குப் பதில் எழுதும் கெடு ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு நாள்காட்டி வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறோம். யாருக்கு வேலைச்சுமை கூடிவிட்டது என்பதையும் அட்டவணை சொல்லாது. மென்பொருள் குழு தன் அன்றாடப் பணிகளை ஜிரா என்ற பணிப் பட்டியல் மென்பொருளில்தான் குறிக்கிறது. ஒவ்வொரு பணியிலும் தேவை எண்ணை எழுத வேண்டும் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை. எண் இல்லாத பணி வந்தால் அங்கேயே நிறுத்தி, இது எந்தத் தேவைக்கு என்று கேட்போம். பதில் இல்லாத வேலைகள் சில அப்படியே கைவிடப்பட்டன.

இன்னொரு தொல்லை அட்டவணை வீங்குவது. ஆர்வக் கோளாறில் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு தேவை எழுதத் தொடங்கினால் யாராலும் படிக்க முடியாத காடாகிவிடும். ஆபத்துப் பட்டியலோடு தொடர்புள்ளவற்றுக்கு நுணுக்கமாகவும், மற்றவற்றுக்குப் பொதுவாகவும் எழுதுவது என்று வரம்பு கட்டிக்கொண்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரநிலையும் இதே போக்கில்தான் ஏ, பி, சி என்று வகை பிரிக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ கடும் தீங்கு நேரக்கூடிய சி வகைக்கு ஆவணச் சுமை அதிகம்.

விரிதாளா, தனி மென்பொருளா என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் விரிதாளில் தொடங்கினோம். முந்நூறு வரிசை வரை அது நன்றாகவே தாங்கியது. அதற்கு மேல் இருவர் ஒரே நேரத்தில் திருத்துவது, பழைய பதிப்பு மின்னஞ்சலில் உலவுவது, மேலே உள்ள தேவை மாறியும் கீழே உள்ள சோதனை பச்சையாகவே நிற்பது என்று சிக்கல்கள் குவிந்தன. தேவை மேலாண்மை மென்பொருளுக்கு மாறியபோது கடைசிச் சிக்கல் தீர்ந்தது. மேலே ஒரு சொல் மாறினாலும் கீழே உள்ள இணைப்புகள் எல்லாம் சந்தேகக் குறியோடு நிற்கும். ஆனால் அந்த மென்பொருள் நாம் நினைத்தபடி வேலை செய்கிறது என்பதையே மருத்துவக் கருவிகளின் தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 13485 கேட்கிறபடி சரிபார்த்து ஆவணப்படுத்த வேண்டும். அதற்குப் பிடிக்கும் உழைப்பைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் நடுவழியில் திணறுவார்கள். பத்துப் பேருக்கும் குறைவான குழு என்றால் முதல் கருவிக்கு விரிதாளே போதும் என்பது என் கருத்து, அதையும் பதிப்புக் கட்டுப்பாட்டோடு வைத்திருந்தால்.

விதிமுறைகள் மாறிய காலத்திலும் அட்டவணை சோதிக்கப்பட்டது. இந்தியாவில் 2017இன் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகள் ஆபத்தின் அளவைக் கொண்டு கருவிகளை ஏ முதல் டி வரை வகைப்படுத்துகின்றன (மேலே சொன்ன மென்பொருள் வகைகள் வேறு). அவற்றில் சி, டி வகைக் கருவிகள் அனைத்துக்கும் 2023 அக்டோபரிலிருந்து உரிமம் கட்டாயமானது. சி வகையில் வரும் எங்கள் பம்ப்புக்கு மத்திய உரிம அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கேட்கும் கருவிக் கோப்பின் (கருவியின் வடிவமைப்பு, சோதனை ஆவணத் தொகுப்பின்) பெரும்பகுதியை அட்டவணையிலிருந்தே வரிசையாக எடுத்து அடுக்கினோம். எஃப்டிஏவும் தன் தர விதியை ஐஎஸ்ஓ 13485ஓடு இணைத்து, 2026 பிப்ரவரி 2 முதல் நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தபோது எங்களுக்குக் கூடுதல் வேலை அதிகம் வரவில்லை. அட்டவணையின் தலைப்புகள் ஏற்கெனவே அந்தத் தரநிலையின் போக்கில் இருந்தன.

பயனர்கள் கருவியைத் தவறில்லாமல் கையாள முடிகிறதா என்று பார்க்கும் பயன்படுதன்மைச் சோதனையில் மட்டும் இது என்னை முழுக்கத் திருப்திப்படுத்தவில்லை. எஃப்டிஏவின் 2016 வழிகாட்டுதல் ஒவ்வொரு பயனர் வகைக்கும் குறைந்தது 15 பேரை வைத்து இறுதிச் சோதனை நடத்தச் சொல்கிறது. செவிலியர்கள் பம்ப்பைக் கையாள்வதைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒருவர் அலாரம் ஒலித்ததும் திரையைப் படிக்காமலே ஒலியை நிறுத்தும் விசையை அழுத்தினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாமல் அலாரம் கேட்டுப் பழகிய கை அது. அலாரம் ஒலித்தது, விளக்கு எரிந்தது, செய்தி திரையில் வந்தது. வரிசையில் உள்ள எதுவும் தவறவில்லை, ஆனால் தேவை நிறைவேறவில்லை. இத்தகைய கவனிப்பை ஒரு கட்டத்துக்குள் அடைக்க முடியாது. அதற்கென்று குறிப்பேடு ஒன்று வைத்து, அதிலிருந்து புதிய தேவைகளை எழுதி அட்டவணைக்குக் கொண்டுவருகிறோம். ஒலியை நிறுத்தினாலும் அடைப்புச் செய்தி திரையை விட்டுப் போகக்கூடாது என்ற தேவை அப்படி வந்ததுதான்.

ஆராய்ச்சி நிலையில் இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த உணரி, எந்த மோட்டார் என்றே முடிவாகாத காலத்தில் அட்டவணை கையைக் கட்டிப்போடும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தின் செயற்கை இதய வால்வு, மூன்று மாதிரிகள் தோற்ற பிறகு நான்காவதில்தான் வென்று, 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அப்படித் தேடும் காலத்துக்குத் தாராளமான குறிப்பேடும் பொறுமையும் போதும். கருத்து முடிவாகி, வடிவமைப்பு உள்ளீட்டில் முதல் கையெழுத்து விழும் நாளிலிருந்து தட அட்டவணையைத் திறந்துவிடுங்கள். தொடங்கும்போது பயனர் தேவைப் பத்தியை விட்டுவிட்டு ஆபத்துப் பத்தியை முதலில் நிரப்பிப் பாருங்கள். எங்கள் அடுத்த பம்ப்பை அப்படித்தான் தொடங்கியிருக்கிறோம். செவிலியர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்ற கேள்விப் பட்டியல் இம்முறை அந்தப் பத்தியிலிருந்தே கிடைத்தது.