பம்பர் கீறலுக்குக் காப்பீடா, கைக்காசா?

பின்பம்பரின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், அதன் முனையில் சிறு விரிசல். காப்பீட்டில் கிளெய்ம் செய்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பம்பர் மாட்டலாம். டிங்கரிங் பட்டறையில் கைக்காசு கொடுத்தும் சரிசெய்யலாம். நான் பட்டறையில்தான் விட்டேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சர்வீஸ் சென்டரில் புதுப் பாகம் கிடைக்கும், அலைச்சல் குறையும். அதில் சந்தேகமில்லை. விஷயம் நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறது. கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதி) 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறுகிறது. ஒரே ஒரு கிளெய்ம் போதும், 50 பூஜ்யமாகிவிடும். சேதம் கீறலா நொறுங்கலா என்ற பேச்சே இல்லை. மறுபடி 50-ஐத் தொடும்வரை ஆண்டுவாரியாக இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம்! தள்ளுபடிக்கு முன் அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் இழப்பு 10,000. வண்டிக்கு வயதாக ஆகப் பிரீமியம் இறங்குவதால் சற்றுக் குறையலாம்.

கிளெய்மிலும் முழுத்தொகை வராது. பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தமும் உண்டு. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் தேய்மானம் மிச்சம். போனஸைக் காக்க அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

பட்டறையில் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். விரிசலை உட்புறமிருந்து பிளாஸ்டிக் வெல்டிங் செய்வார்களா? வெறும் பட்டி பூசினால் மீண்டும் வாய் பிளக்கும். பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடிப்பார்களா? இல்லாவிட்டால் பெயிண்ட் தோலாக உரியும். பெயிண்ட் அடிக்குமுன் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. என் கார் சாதாரண வெள்ளை. வெள்ளி, முத்து வெள்ளை போன்றவற்றில் நிறம் எவ்வளவு பொருந்தும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சென்னைக்காரர்களுக்குப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையும் உண்டு. அதே நிறத்தில் பழைய பம்பர் அகப்பட்டால் பெயிண்ட் செலவே இல்லை. பம்பரை வண்டியில் மாட்டும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

விளக்கும் உடைந்து, உள்ளிருக்கும் இரும்புச் சட்டமும் நசுங்கியிருந்தால் தயங்காமல் கிளெய்ம் செய்யுங்கள். சென்ற ஆண்டே கிளெய்ம் செய்தவருக்கும் இழப்பு குறைவுதான். பம்பருக்குள் ரேடார் உள்ள புது வண்டிகளை நான் பட்டறைக்கு அனுப்பமாட்டேன்.