கேலக்சி எஸ்5: லினியேஜா, கம்பனி மென்பொருளா?

கல்லடி மாமா வீட்டு லாச்சியில் கிடந்த சாம்சங் எஸ்5 என் கைக்கு வந்தது. 2014 போன், கம்பனி தந்த கடைசி ஆண்ட்ராய்டு 6. ஆண்ட்ராய்டை வைத்து ஆர்வலர்கள் செய்த இலவச மென்பொருளான லினியேஜ் 18.1 போட்டால் ஆண்ட்ராய்டு 11 கிடைக்கும், வேண்டாத ஆப்களும் இல்லை, பின்மூடியைக் கழற்றிப் புது பேட்டரி போட்டால் இன்னும் கொஞ்சக் காலம் தாராளமாக ஓடும். ஆனால் அதற்கான ரிகவரியை (லினியேஜை நிறுவ உதவும் சிறு மென்பொருள்) ஏற்றியதுமே சாம்சங்கின் பாதுகாப்பு வசதியான நாக்ஸ் போய்விடும், பிறகு கம்பனி மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் மீளாது. சில வங்கி ஆப்களும் மறுக்கலாம்.

திரும்பப் போடுவது எளிது: போனை அணைத்து, வால்யூம் கீழ், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எச்சரிக்கை வந்ததும் வால்யூம் மேல் அழுத்தி, கணினியில் உள்ள ஒடின் என்ற மென்பொருளால் கம்பனிக் கோப்பை ஏற்றினால் சரி. பேட்டரிக்கு அடியில் உள்ள மாடல் எண்ணைப் பாருங்கள், கோப்பு மாறினால் போன் எழும்பாமலே போகலாம். எதைச் செய்தாலும் முதலில் படங்களைக் கணினியில் எடுத்து வையுங்கள். எனக்கு லினியேஜ்தான். அழைப்புக்கு மட்டும் என்றால் பழையதே போதும்.